கம்பவுண்டர் வீட்டிலிருந்து: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ஊருக்கு வருகிறவர்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், வீடு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், பிழைக்க வருகிறவர்கள். வழக்கமாகக் கேள்விக்குக் கீழே பெயரும் ஊரும் போடுவோம். இம்முறை நான்கு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமலே ஒரே குறிப்பை எழுதியிருந்தார்கள்: "ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம், அதைப் படித்துவிட்டு இன்னும் பத்துப் பேர் கிளம்பி வருவார்கள்." ஆகவே எவருடைய ஊரையும் போடவில்லை. 31 வருடம் தபால் ஆபீஸில் முகவரி பார்த்தே பிழைத்தவள் நான். முகவரியில்லாத கடிதங்களுக்குப் பதில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

கேள்வி: பத்து வருடம் முன்னால் வெளியூர் வண்டி நின்று வழி கேட்டால், கூடவே நடந்து போய்க் காட்டிவிட்டு வருவேன். இப்போது ஹார்ன் சத்தம் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. போன வாரம் ஒரு குடும்பம் வழி கேட்டது. தெரிந்தே, தெரியாது என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கமில்லை. நான் ஏன் இப்படி ஆனேன்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

ஐயா, கெட்டுப்போனவர்களுக்கு நன்றாகத் தூக்கம் வரும். உங்களுக்கு வரவில்லை என்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்கு நடந்ததை 1975-லேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். ஜார்ஜ் டாக்ஸி என்பவர் பார்படோஸ் தீவையும், கனடாவில் நயாகரா-ஆன்-தி-லேக் என்ற சிற்றூரையும் ஆராய்ந்து, உள்ளூர்க்காரர் மனம் நான்கு படியாக இறங்குகிறது என்றார். முதலில் குதூகலம், நம் ஊரையும் தேடி வருகிறார்களே என்ற பெருமை. அடுத்து, பழகிப்போய்க் கண்டுகொள்ளாமல் இருப்பது. மூன்றாவது எரிச்சல். கடைசியில் பகை. நீங்கள் மூன்றாம் படியில் நிற்கிறீர்கள். ஒரு கால் மட்டும் நான்காவதைத் தொட்டுப் பார்க்கிறது.

இந்தப் படிக்கட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. ஊர் என்றால் ஒரே ஆள் மாதிரி இதில் பேசுகிறார்கள். என் எதிர்வீட்டைச் சொல்கிறேன். பெரியவருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் திண்ணையில் நாற்காலி போட முடியாது. யாராவது அனுமதி கேட்காமல் போட்டோ எடுத்துவிடுகிறார்கள். அவர் மகன் வேன் ஓட்டுகிறார், வண்டிக் கடன் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஞாயிறு காலை அப்பா கதவைச் சாத்துகிறார், மகன் வண்டியைத் துடைக்கிறார். மருமகளுக்கு இரண்டும் வேண்டும்: வேன் ஓடவும் வேண்டும், குழந்தை தெருவில் விளையாடவும் வேண்டும். இந்த வீட்டை எந்தப் படியில் நிறுத்துவது? 1992-ல் ஜான் ஆப் என்பவர் இதைக் கொடுக்கல் வாங்கலாகப் பார்த்தார். கிடைப்பது கொடுப்பதைவிட அதிகம் என்று தோன்றுகிறவர் வரவேற்பார், குறைவு என்று தோன்றுகிறவர் வெறுப்பார். வேன் மகனுக்கும் திண்ணை அப்பாவுக்கும் இது சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் லாப நஷ்டம் பார்த்தே மனிதர்கள் கோபப்படுவதில்லை. எங்கள் தெருவை விடுமுறை நாட்களில் ஒருவழியாக்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மின்கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது, மறுநாள் காலை எட்டு மணிக்கு அமல். நான் உட்பட எல்லோரும் கொதித்தோம். சிலர் தடுப்புக் கம்பியைத் தூக்கி ஓடையில் போட்டார்கள். (நான் போடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.) இரண்டு மாதம் கழித்து எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். எட்டு மணியைப் பத்தாக்கச் சொன்னோம், ஆக்கினார்கள். அதே ஒருவழி, அதே கம்பி, அதே வெளியூர் வண்டிகள். இப்போது அந்தக் கம்பியைச் சாயங்காலம் எடுத்து ஓரமாக வைப்பதே எங்கள் தெரு ஆட்கள்தான்.

ஐயா, உங்களிடம் யாராவது எதையாவது கேட்டிருக்கிறார்களா, வழியைத் தவிர? அந்தக் குடும்பம் உங்கள் கோபத்துக்கு உரியது இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் தூக்கம் போயிருக்கிறது.

கேள்வி: இந்த ஊருக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. வீடு வாங்கி, இங்கேயே மகளைப் பெற்று வளர்க்கிறேன். இன்னமும் என்னைப் பற்றிப் பேசும்போது "புதுசா வந்தவங்க" என்கிறார்கள். நான் எப்போது இந்த ஊர்க்காரி ஆவேன்?
(இரண்டாம் வகுப்பு மாணவியின் தாய்)

என் வீட்டுக்குப் பெயர் கம்பவுண்டர் வீடு. நான் கம்பவுண்டர் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. நாங்கள் வாங்குவதற்கு முன்பே அந்தக் கம்பவுண்டர் காலமாகிவிட்டார். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து 22 வருடம். வாசலில் என் பெயர்ப் பலகை இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே "கம்பவுண்டர் வீடு இதுதானே" என்று கேட்கிறார்கள். தபால்காரப் பையன், நானே வேலை சொல்லிக்கொடுத்தவன், அவனும் அப்படித்தான் சொல்கிறான். எட்டு வருடத்துக்கே சலித்துக்கொள்கிறீர்களே அம்மா.

1908-ல் ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல் அந்நியரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். இன்று வந்து நாளை போய்விடுகிறவரைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. இன்று வந்து நாளையும் இருக்கிறவர்தான் அவருடைய அந்நியர். பக்கத்திலேயே இருப்பார், ஆனாலும் தூரம் குறையாது. உங்களையும் என்னையும் பார்த்து எழுதியது போல இருக்கும்.

இதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. நோர்பெர்ட் எலியாஸ், ஜான் ஸ்காட்சன் என்ற இருவர் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பை ஆராய்ந்து 1965-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து வின்ஸ்டன் பார்வா என்று வைத்தார்கள். (நம் வாசகர்களுக்கு முன்னோடிகள்.) அங்கே அடுத்தடுத்து இரண்டு தொழிலாளர் பகுதிகள். ஒரே மொழி, ஒரே நிறம், ஒரே மாதிரி வேலை, ஏறக்குறைய ஒரே சம்பளம். வித்தியாசம் ஒன்றுதான்: ஒரு பகுதியினர் இரண்டு மூன்று தலைமுறையாக இருப்பவர்கள், மற்றவர்கள் பின்னால் வந்தவர்கள். பழையவர்கள் புதியவர்களைத் தாழ்வாகவே நடத்தினார்கள். அதற்கு அவர்கள் கையில் இருந்த கருவி வம்புப் பேச்சு. தங்களில் நல்லவர் ஒருவரைக் காட்டி "நாங்கள் எல்லோரும் இப்படித்தான்" என்பார்கள். புதியவர்களில் மோசமான ஒரு குடும்பத்தைக் காட்டி "அவர்கள் எல்லோரும் அப்படித்தான்" என்பார்கள். பழையவர்கள் ஒருவரையொருவர் பல வருடமாக அறிந்தவர்கள் என்பதால் ஒரு வம்பு ஒரே சாயங்காலத்தில் அந்தப் பகுதியைச் சுற்றி வந்துவிடும். புதியவர்களுக்கோ தங்கள் தரப்பைச் சொல்ல ஒரு திண்ணைகூடக் கிடையாது.

உங்களிடம் குறையிருப்பதால் ஒதுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உங்களையே நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நான் எப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டேன் என்றால், பக்கத்து வீட்டு அம்மாள் என்னோடு முதல் தடவை சண்டை போட்ட அன்று. ஒன்பது வருடம் எங்கள் வீட்டு மாடித் தண்ணீர் அவர் சுவரில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்கள் "வந்தவர்கள்", விருந்தாளியோடு எப்படிச் சண்டை போடுவது? பத்தாவது வருடம் மழை பெய்து சுவர் ஊறிப்போன அன்று வாசலில் நின்று, "ஏம்மா, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தினார். "உனக்கு"! அதுவரை "உங்களுக்கு"தான். குழாயைத் திருப்பி வைத்தேன். அடுத்த வாரம் அவர் மகள் வீட்டுக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். உங்களோடு இதுவரை யாரும் சண்டை போடவில்லை என்றால், கொஞ்சம் பொறுங்கள்.

கேள்வி: எத்தனை தலைமுறை இருந்தால் ஒருவர் உள்ளூர்க்காரர்?
(கல்லூரி மாணவர்)

சண்டை என்றால் மூன்று தலைமுறை. நன்கொடை வசூல் என்றால் மூன்று நாள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியூர் போய்விட்டார்கள். அந்த வீடு இப்போது ஆன்லைனில் நாள் வாடகைக்குப் போகிறது. கேட்டில் எண் போட்ட சாவிப் பெட்டி ஒன்று தொங்குகிறது. வாரத்துக்கு இரண்டு கூட்டம் வருகிறது, விடிய விடியப் பாட்டு. எழுபது வயதில் நான் யாரிடம் போய்ச் சொல்வது?
(தனியே வசிக்கும் வாசகி)

அந்தச் சாவிப் பெட்டியை நானும் பார்த்திருக்கிறேன், வேறு வீட்டில். வீட்டில் ஆள் இல்லை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பொருள் வேறில்லை.

இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் கீழே இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டால் சத்தத்துக்கு அவரே முதல் எதிரி. ஆள் இல்லாத வீட்டில் அந்தத் தடை கிடையாது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து இந்த இடத்தில்தான் கோடு போட்டது: 30 நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் வீட்டுக்காரரும் அங்கேயே தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது, பதிவு செய்திருக்க வேண்டும். பார்சிலோனா இன்னும் தூரம் போய்விட்டது. அங்கே உரிமம் பெற்ற சுற்றுலாக் குடியிருப்புகள் 10,101. அவற்றில் ஒன்றின் உரிமத்தையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று மேயர் ஜாமே கோல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். அங்கே காரணம் சத்தம் மட்டும் இல்லை, வாடகை. ஊரில் வேலை பார்க்கிறவருக்கு ஊரில் வீடு கிடைக்காமல் போனது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வந்து தங்குகிறவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர்கள் நாளைக்குப் போய்விடுவார்கள், நாளை மறுநாள் வேறு கூட்டத்திடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டுக்காரருடைய நம்பரை வாங்குங்கள். ராத்திரி பதினொரு மணிக்குச் சத்தம் வந்தால் பதினொரு மணிக்கே அவரைக் கூப்பிடுங்கள், காலையில் இல்லை. உங்கள் தூக்கம் கெடும்போது அவர் தூக்கமும் கெட வேண்டும். தேதியும் நேரமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிற்பாடு உள்ளாட்சி அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போக நேர்ந்தால் "எப்போதும் சத்தம்" என்பதைவிட "பதினான்கு தடவை, இதோ தேதி" என்பதற்கு மதிப்பு அதிகம். முடிந்தால் தெருவில் இன்னும் இருவரையாவது கையெழுத்துப் போட வையுங்கள். தனியாக எழுதும் எழுபது வயதுக்காரியின் கடிதத்தை என்ன செய்வார்கள் என்று கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்தவள் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் வருடம் இரண்டு முறை குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்கள். காசு கொடுத்துத்தான் தங்குகிறோம், சாப்பிடுகிறோம். ஆனாலும் சில ஊர்களில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எங்கள் காசு வேண்டும், நாங்கள் வேண்டாமா?
(தனியார் நிறுவன ஊழியர்)

காசு சிலருக்குப் போகிறது, கூட்டம் எல்லோருக்கும் வருகிறது. முகத்தைத் திருப்பியவர் இரண்டாவது பங்கு மட்டும் கிடைத்தவராக இருக்கலாம்.

ஆஸ்திரியாவில் ஹால்ஷ்டாட் என்ற ஏரிக்கரைச் சிற்றூர். ஜனத்தொகை ஆயிரத்துக்கும் கீழே, சீசனில் ஒரே நாளில் பத்தாயிரம் பேர் வரை வந்து இறங்குகிறார்கள். 2023 மே மாதம், செல்ஃபி எடுக்கும் கூட்டத்தைக் குறைக்க, காட்சியை மறைத்து மரப்பலகை வேலி போட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் அதே மே மாதம் ஜப்பானில் ஃபுஜிகவகுச்சிகோ என்ற ஊரில், ஒரு கடைக்குப் பின்னால் ஃபூஜி மலை தெரியும் இடத்தில் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு 20 மீட்டர் நீளமாகக் கறுப்பு வலை கட்டினார்கள். சில நாளிலேயே அதில் ஓட்டை போட்டுக் கேமராவை நுழைத்தார்கள். தங்கள் ஊருக்கே திரை போட வேண்டி வந்தவர்களின் மனநிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

வெனிஸ் பழைய நகரத்தில் 1951-ல் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே இறங்கியது. அங்கே ஒரு மருந்துக்கடை ஜன்னலில், இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று காட்டும் மின்பலகை 2008-லிருந்து இருக்கிறது. மறுவருடமே, 2023-ல், குடிமக்கள் குழு ஒன்று எண்ணிப் பார்த்து, ஊரில் குடியிருப்பவர்களைவிடச் சுற்றுலாப் படுக்கைகள் அதிகமாகிவிட்டன என்றது. பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களிடம் 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாட்களில் ஐந்து யூரோ வாங்க ஆரம்பித்தார்கள். அதற்கும் ஊர்க்காரர்களே ஊர்வலம் போனார்கள். டிக்கெட் போட்டால் இது ஊரா, பொருட்காட்சியா என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

நீங்கள் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாளில் நான்கு ஊர் பார்ப்பதற்குப் பதில் ஒரே ஊரில் நான்கு நாள் இருங்கள். மூன்றாம் நாள் அதே தெருவில் நடக்கும்போது யாராவது தலையசைப்பார்கள். ஆட்களைப் போட்டோ எடுக்குமுன் கேளுங்கள். எதிர்வீட்டுப் பெரியவர் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் கட்டட வேலைக்கு நிறைய வெளியாட்கள் வந்துவிட்டார்கள். எது காணாமல் போனாலும் அவர்கள்தான் என்று பேச்சு. நானும் பயப்படுகிறேன். நியாயமா?
(இல்லத்தரசி)

ஒரு சின்ன விஷயம் கவனித்திருப்பீர்கள். இருபது மனை வாங்கிக் கம்பி வேலி போட்டவரும் வெளியூர்தான். அவரை "சார்" என்கிறோம். அவருக்குச் சுவர் எழுப்ப வந்தவன் மட்டும் "வெளியாள்". நடந்து போகும் பாதையை அடைத்தது சார். காணாமல் போன பித்தளைக் குடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது வெளியாள்.

நான் வேலையில் இருந்தபோது மாதம் முதல் வாரம் மணியார்டர் வரிசையில் நிற்பது பெரும்பாலும் இவர்கள்தான். விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் என்னிடம் தருவார்கள். அனுப்பும் தொகையைச் சொல்லிவிட்டு, தன் கையில் மிச்சமிருப்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்கள். வரிசையில் பின்னால் நின்ற உள்ளூர்க்காரர் ஒருநாள் "பர்ஸைப் பத்திரமா வைங்க" என்று மனைவியிடம் உரக்கச் சொன்னார். முன்னால் நின்ற பையனுக்கு நம் பாஷை அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அது புரிந்துவிட்டது. கையை இரண்டையும் எடுத்துக் கவுண்டர் பலகை மேல், எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டான். என் வேலை முடியும்வரை எடுக்கவில்லை.

கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள், அது எல்லோருக்கும் பொதுவான புத்தி. அந்த ஆட்களில் ஒருவர் பெயரையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பேசாமல் எல்லா ஊரையும் மூடிவிட்டால் என்ன? பூட்டானைப் பாருங்கள்!
(பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பார்த்தேன். 1974-ல்தான் பூட்டான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது, அன்றிலிருந்தே அளந்துதான் விடுகிறது. 2022 செப்டம்பரில் ஓர் இரவுக்கு 200 டாலர் கட்டணம் என்றார்கள். சரியாக ஒரு வருடத்தில் அதை 100 ஆக்கினார்கள். அங்கேயும் விடுதிக்காரரும் வழிகாட்டியும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். பிலிப்பைன்ஸில் பொராகாய் தீவை 2018-ல் ஆறு மாதம் மூடிச் சுத்தம் செய்தார்கள். கடல் தெளிந்தது, அந்த ஆறு மாதமும் வேலை போனவர்கள் அந்தத் தீவு மக்களேதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2020-ல் எல்லா ஊரும் மூடித்தானே கிடந்தது. எங்கள் தெருவில் கூட்டத்தைத் திட்டிக்கொண்டே இருந்த ஒருவர், இரண்டாம் மாதம் வாசலில் நின்று காலியான சாலையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஒரு ஈ காக்கா கூட இல்லையே" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

2024 ஏப்ரலில் ஸ்பெயினைச் சேர்ந்த கனாரித் தீவுகளில், சுற்றுலாக் கூட்டம் தாங்காமல் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் முழக்கம், கனாரியாவுக்கு ஓர் எல்லை உண்டு என்பது. எல்லை வேண்டும் என்றார்கள், பூட்டு கேட்கவில்லை. அந்த எல்லையை யார் போடுவது என்பதில்தான் அங்கேயும் தகராறு, எங்கள் மின்கம்பத்திலும் தகராறு.

கேள்வி: உங்கள் பதில்களைப் படித்துப் படித்து, நீங்கள் இருக்கும் ஊரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. எந்த ஊர்? விடுமுறைக்குக் குடும்பத்தோடு வரலாமா?
(நீண்ட நாள் வாசகி)

ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் எதிர்வீட்டுப் பெரியவர் என்னோடு பேச மாட்டார். எப்படியோ கண்டுபிடித்து வந்துவிட்டால், தெருமுனையில் கம்பவுண்டர் வீடு என்று கேளுங்கள். என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.